துவைக்கிற கல்லுக்கு அடியில்

ஆண்டாயி சித்தாள் வேலை பார்க்கிறவள். அரியலூரில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்குத் தான்தான் கல் சுமந்ததாகப் பீற்றிக்கொள்வாள். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சுமந்து சுமந்து காய்த்துப்போன அவள் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறாள். புருஷன் மணிவண்ணன் சிமெண்ட் லாரியில் கிளீனராக இருந்து இறந்துபோனான். ஒரே மகள், பெயர் தமிழ்மொழி. நான் கலைமணி. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாதா கோயிலுக்குக் காம்பவுண்டு சுவர் கட்டும்போதுதான் அவளைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் மர நிழலில் படுத்துவிடுவார்கள். இவள் மட்டும் கோயிலுக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள்.

"மொதல்ல ஃபேனுக்காகத்தான்க்கா வந்தேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "அப்பறம் ஒருநாளு கரண்டு இல்ல. அன்னைக்கும் ஒக்காந்திருந்தேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

அன்றிலிருந்து அவள் எங்கள் ஆள். கோயில் கதவு செய்த தச்சர் மிச்சத் துண்டில் ஒரு முழ நீளத்துக்குச் சிலுவை செய்து கொடுத்தார். கன்னியாஸ்திரி ஒருவர் அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. அவள் பட்டியல் சாதி. கிறிஸ்தவள் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் சாதிச் சான்றிதழும் அதனால் வரும் இடஒதுக்கீடும் போய்விடும், தெருவும் குடிசையும் தலைச்சுமையும் அப்படியே இருக்கும். என் சான்றிதழில் கிறிஸ்தவம் என்றே எழுதியிருக்கிறது, எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. அவளுக்கு மகளின் படிப்பும் வேலையும் அந்த ஒரு தாளில் தொங்கின.

வெள்ளிக்கிழமைகளில் என் கடை மாடியில் ஜெபக் கூட்டம் நடக்கும். ஒருநாள் நான் ஒரு வாக்கை எழுதிக்கொண்டு போனேன். அது பைபிளில் கிடையாது. எகிப்து தேசத்து மண்ணில் புதைந்து கிடந்து, ரொம்ப காலம் கழித்து எடுத்த பழைய ஏட்டில் இயேசு சொன்னதாக இருக்கிறது. மரத்தைப் பிளந்து பார், நான் அங்கே இருக்கிறேன். கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய். ஃபாதருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்ற பயத்தோடு வாசித்தேன். இறைவன் இயற்கை எங்கும் நிறைந்திருக்கிறார் என்று பத்து நிமிஷம் விளக்கம் வேறு கொடுத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கதவோரமாக உட்கார்ந்திருந்த ஆண்டாயி சிரித்துவிட்டாள். அவள் எப்போதும் கதவோரம்தான். உள்ளே வா என்று நாங்களும் வற்புறுத்திச் சொன்னதில்லை.

"கல்லத் தூக்குன்னா சொன்னாரு? நான் வேற என்னக்கா செஞ்சுகிட்டு இருக்கேன்?" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். "கோயில்ல சொகமா இருக்க வேண்டியவரு கல்லுக்கு அடியில ஏன்க்கா கெடக்குறாரு? அவரா போயிருக்க மாட்டாரு. யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்க."

நான் ஜெபத்தை முடித்து டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் தமிழ்மொழி பரீட்சை எழுதி அரசு வேலைக்குத் தேர்வானாள். சான்றிதழைச் சரிபார்க்கும் நேரத்தில் எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். தாயும் மகளும் கிறிஸ்தவர்கள், ஏமாற்றுகிறார்கள் என்று. திங்கட்கிழமை விசாரணைக்கு ஆள் வரும் என்று தகவல் வந்தது. சனிக்கிழமை காலையில் தமிழ்மொழி போனில் அழுதாள். சாக்குக்குத் தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது மாதா காலண்டர் அடுப்புக்குள் போயிருந்தது. சிலுவையை மட்டும் அடுப்பில் வைக்க ஆண்டாயிக்கு மனசு வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாசலில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் வைத்திருந்தாள். நாலு செங்கல் மேல் கிடக்கிற பெரிய பலகைக் கல் அது. ஒற்றை ஆளாகத் தூக்கி, ஒரு பக்கத்துச் செங்கல் மேல் சிலுவையைப் படுக்க வைத்து, மறுபடி இறக்கியிருக்கிறாள். மட்டம் பார்க்காமல் வாழ்நாளில் அவள் ஒரு கல்லை இறக்கியதில்லை. அன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்றாள்.

அதற்குள் பைக் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை வரவேண்டிய அதிகாரி சனிக்கிழமையே வந்துவிட்டார்.

நான் என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளினேன். கை தானாகச் செய்த வேலை அது. தமிழ்மொழி சேர் எடுத்துவந்து போட்டாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் நேராகப் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. சொம்பில் கொடுத்த தண்ணீரையும் வேண்டாம் என்றார். சாதி உண்மைதானா என்று விசாரிக்க வந்தவர் அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை, அதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த ஜாக்கெட்டை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஜாக்கெட் தைக்கிறவங்க சார்" என்றாள் ஆண்டாயி.

"ஏம்மா, சர்ச்சுக்குப் போறியாமே?"

"செவுரு கட்டுறப்ப போனேன் சார்."

"ஞாயித்துக்கெழமை?"

"வேல இருந்தா வேலைக்குப் போவேன். இல்லாட்டி வூட்டுலதான் சார்."

அவர் மடியில் அட்டையை வைத்து எழுதத் தொடங்கினார். கல் லேசாக ஆடியது. எழுத்து கோணிக்கொண்டு போயிருக்க வேண்டும். எரிச்சலோடு குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, கல்லு ஆடுது. அடியில எதாச்சும் வச்சிருக்கியா?"

தமிழ்மொழி சேரை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எலி மண்ணப் பறிச்சிருக்கும் சார்" என்றாள் ஆண்டாயி.

அவர் எழுந்து பார்ப்பார் என்றே நினைத்தேன். எழவில்லை. நகர்ந்து, பாரம் முழுவதையும் அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். கல்லுக்கு அடியில் டக் என்று ஒரு சத்தம். கல் ஆடுவது நின்றுவிட்டது. அவர் திருப்தியாக எழுதி முடித்து வாசித்தார். நானும் என் மகளும் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

ஆண்டாயி அட்டையை வாங்கி, அந்தக் கல்லின் ஓரத்திலேயே வைத்து, கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த நாலு எழுத்தையும் போட்டாள். எழுத்துகள் நேராகவே இருந்தன. அவர் போன பிறகும் அந்தக் கல்லை நாங்கள் தொடவில்லை. தொட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றாள் தமிழ்மொழி.

வேலை கிடைத்தது. தமிழ்மொழி பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். "இனிமே என்ன பயம்? ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கிரு. நான்தான் ஞானத்தாய்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அவ சர்ட்டிபிகேட்ட திரும்பவும் பாப்பாங்களாம்க்கா. அப்பறம் கல்யாணம், புள்ள. அந்தப் புள்ளைக்கும் இதே சர்ட்டிபிகேட்டு வேணும். இன்னொருத்தன் இன்னொரு கடுதாசி போட எம்புட்டு நேரமாவும்?"

பிறகு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கல்லின் ஒரு பக்கத்தைத் தூக்கி, ஒரு செங்கல்லைச் செங்குத்தாக வைத்து முட்டுக்கொடுத்தாள். பையை எடுத்துப் பிரித்தாள். குறுக்குக் கட்டை சேருகிற இடத்திலிருந்து அடிவரை சிலுவை பிளந்திருந்தது.

"பசை போட்டு ஒட்டிரலாம், குடு" என்றேன்.

"வேணாம்க்கா. மரத்தப் பொளந்தாலும் இருப்பேன்னாருல்ல. இருக்காரான்னு பாத்தேன்."

"இருக்காரா?"

"இருக்காரு. எங்க போவாரு? என்னய மாதிரிதான், வெளிய வர முடியல."

"வீட்டுக்குள்ள கொண்டுபோய் வையேன், ஆண்டாயி. பெட்டியில வச்சுப் பூட்டிக்க."

"கல்லத் தூக்குனா என்னயப் பாப்பன்னுதான்க்கா சொன்னாரு. எடுத்து வெளிய வையின்னு சொல்லலையே" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதது நான்தான். பத்து நிமிஷம் நான் கொடுத்த விளக்கத்தில் ஒரு வார்த்தைகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

அவள் பிளவைச் சேர்த்து அமுக்கிப் பையில் சுற்றினாள். செங்கல்லுக்குப் பக்கத்தில் பாரம் படாத பள்ளமாகப் பார்த்து வைத்தாள். கல்லை இறக்கி, நான்கு மூலையிலும் கையால் அழுத்திப் பார்த்து, ஒரு மூலைக்கு மட்டும் சில்லு ஒன்றைச் சொருகினாள். பிறகு வாளியில் ஊறிக்கொண்டிருந்த வேலைச் சேலையை எடுத்து அதன் மேல் அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை கல் ஆடவில்லை.