சிராங்கூன் ரோட்டில் ஒரு பி.ஏ. ஃபெயில்

ஆங்கிலத்தில் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: சந்தோஷத்தை எழுதச் சொல்லி யாரும் நம்மிடம் வருவதில்லை. இலக்கியம் படித்துவிட்டு, படித்ததற்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லாமல் ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சென்னையில் ஒரு காலேஜில் இரண்டு வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தேன். பி.ஏ. பரீட்சையில் இங்கிலாந்தின் வசந்த காலத்தை வருணிக்கச் சொன்னார்கள். நான் கண்டதெல்லாம் வெயிலும் மழையும்தான். புத்தகத்தில் படித்த பூக்களையெல்லாம் ஒரே தோட்டத்தில் பூக்க வைத்துவிட்டு வந்தேன். தேறவில்லை. வீட்டில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் கப்பலேறி சிங்கப்பூர் வந்து, சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் மேஜை போட்டேன்.

போர்டு

மேஜைக்கு மேலே ஒரு பலகை மாட்டினேன். என் பெயர், அதற்குப் பக்கத்தில் 'பி.ஏ. ஃபெயில்'. அந்த நாளில் அது வெட்கமில்லை. பரீட்சை வரைக்கும் போனவன் என்பதே ஒரு பட்டம். ஆனாலும் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த கடையில் வெற்றிலை விற்ற மீனாட்சியம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கடைசி இரண்டு வார்த்தையை அழித்துவிடப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "அழிக்காதீங்க தம்பி. இங்க வர்றவங்க எல்லாரும் எதுலயாவது தோத்துட்டுத்தான் வர்றாங்க. அதைப் பார்த்தா கூச்சமில்லாம பேசுவாங்க."

செவலைப் பசு

வீரப்பன் தேக்கா சந்தைப் பக்கம் கொட்டகை போட்டுப் பால் விற்றவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அதற்கு ஏதோ தொற்று நோய் என்று சந்தேகப்பட்டு, மாடுகளைச் சோதிக்கிற துரையின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் கொன்றுவிடுவார்களாம். ஒரு வாரம் தனியாகக் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி மனு எழுத வேண்டும்.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கப் பசுவின் கண்களில் தேங்கிய சோகம், மாலை வெயில், மேய்ச்சல் நிலத்தின் அமைதி. ஒரு வாரம் அவகாசம் என்ற விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் வந்தது. வீரப்பன் அதை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்தபடி எடுத்துப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். கையில் கயிறு மட்டும் இருந்தது. துரை முதல் பக்கத்தைப் படித்து, 'அருமையான இங்கிலீஷ்' என்று மெச்சினாராம். மிச்சத்தைச் சாப்பிட்டு வந்து படிக்கிறேன் என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாராம். அவர் சாப்பிட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வீரப்பனுக்கு என் மேல் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க ரைட்டர் ஐயா," என்றார். "'கொல்லாதீங்க'ன்னு முதல்ல போட்டிருக்கலாம்."

பதில் வந்தது

செல்லம்மாவின் புருஷன் கோவிந்தன் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் எட்டு மாதமாகத் தகவலில்லை. தோட்டத்து மேனேஜருக்கு எழுதச் சொன்னாள். இந்த முறை நான் புத்தியோடு நான்கே வரி எழுதினேன். பதில் என் மேஜைக்கே வந்தது. அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

பதில் மூன்று வரி. ஆளின் பெயர் எங்கும் இல்லை; தோட்டத்துப் பதிவு நம்பர் மட்டும் போட்டு, அந்தக் கூலி காய்ச்சலில் இறந்தான், தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டான் என்று எழுதியிருந்தது. காலேஜில் சோக நாடகங்களை நடிப்போடு வாசித்துக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்த மூன்று வரியைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "இதுல அவரு பேரு எது?" என்றாள். பெயர் இல்லை, நம்பர்தான் என்றேன்.

எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "அப்ப செத்தது யாரோ. நீங்க அவரு பேரைப் பெருசாப் போட்டு இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை வந்து விசாரித்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் பூ வைத்திருப்பாள்.

காதரின் கட்டுரை

காதர் நாகூர்க்காரர், என் வயது, துறைமுகக் கிடங்கில் கிளார்க்கு. ஏற்றுமதி மூட்டைகளின் மேல் போகிற ஊரின் பெயரை மையால் எழுதுவது அவர் வேலை. காலேஜ் வாசலை மிதித்ததில்லை. என் பழைய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் போய், ராகம் போட்டுப் படித்து மனப்பாடம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டே சாகடிப்பார். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகையில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு நாள் எழுதியே கொண்டுவந்துவிட்டார். பென்சிலில், நான்கு பக்கம், கிடங்கைப் பற்றி. மிளகு மூட்டை தூக்குகிறவன் நாள் முழுக்கத் தும்முவதைப் பற்றி எழுதியிருந்தார். 'நான் பார்க்காத ஊருக்கெல்லாம் என் கையெழுத்து போயிருக்கிறது' என்று ஒரு வரி. படித்ததும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அது பொறாமை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். 'இதெல்லாம் இலக்கிய ஆங்கிலம் இல்லை காதர்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து தனிக் காகிதத்தில் திருத்தி எழுதினேன். தும்மல் போய், வாணிபத் தேவதை வந்தாள். கையெழுத்து வரியை எடுத்தே விட்டேன். பென்சில் பக்கங்களோடு சேர்த்துக் கொடுத்தேன்.

நான் எழுதியதை அவர் மேஜையோரம் நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"ரொம்ப அழகா இருக்கு ரைட்டரே," என்றார். "ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?"

ஆசிரியரின் கடிதம்

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார், கேள்விகள் குறைந்துவிட்டன. மன்னிப்புக் கேட்கலாமென்று பல தடவை நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். மழை மாதத்தில் காய்ச்சலில் விழுந்து பத்தே நாளில் போய்விட்டார். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவருடைய சித்தப்பா மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தான். 'இங்கிலீஷா இருக்கு, எங்க வீட்ல யாருக்கும் புரியாது' என்றான்.

உள்ளே அந்தப் பென்சில் பக்கங்கள் இருந்தன. என் திருத்தம் எதையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. மேஜையில் உட்கார்ந்து நல்ல காகிதத்தில் படியெடுத்தேன். மூன்றாவது வரியில் ஒரு இலக்கணப் பிழை. பேனா தானாக அங்கே போயிற்று. கையை எடுத்துக்கொண்டேன். காதரின் பெயரையும் என் விலாசத்தையும் போட்டு ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை அச்சில் வந்தது. தும்மலும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. இலக்கணப் பிழையை மட்டும் யாரோ சத்தமில்லாமல் சரிசெய்திருந்தார்கள். மறுவாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து காதர் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் படிக்க எனக்கு உரிமை உண்டா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

"உங்கள் நடையை யாரிடமும் திருத்தக் கொடுக்காதீர்கள். அடுத்த கட்டுரையை எப்போது அனுப்புவீர்கள்?"

ஆங்கில இலக்கியம் படித்து எனக்கு ஒரு பயனும் இல்லையென்று சொல்லமாட்டேன். நல்ல எழுத்து எதிரே வந்தால் இப்போது எனக்குத் தெரிகிறது, எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகாவது.