அறுபதுக்குக் கீழே விழுந்த ஊசி

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈரப்பதமானியை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒரு கறுப்பு ஊசி, நூறு வரை எண்கள். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்களோடு இருந்த மச்சாள், என் கணவரின் தங்கை, அதற்குள் ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்த்தாள். என் பெருவிரல் பருமன்தான் இருக்கும். ஐஸ்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் அதன் தீனிக்கான உறைந்த எலிக்குஞ்சுகள் கிடந்ததற்கு நான் முகம் சுளித்திருக்கிறேன். ஆனாலும் பெட்டியின் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சியுமாக அவள் பார்த்துப் பார்த்து வைப்பதும், இரு வேளையும் தண்ணீர் விசிறுவதும் எனக்குப் பிடித்திருந்தன.

ஒரு தை மாதம், வேலைக்கான நேர்முகத்துக்கு இரண்டு நாள் ஜெனீவா போனாள். “குட்டிக்குக் கண் வெளிறிட்டுது அண்ணி, தோல் கழட்டப் போகுது. ஊசி அறுபதுக்குக் கீழ விழ விடாதைங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் சமையல் ஆவியால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறதாம், தினமும் ஜன்னல்களை அகலத் திறந்து காற்று விட வேண்டுமாம். அன்றிலிருந்து வீட்டில் ஈரத்தைக் கண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். மறுநாள் காலை பெட்டிக் கண்ணாடி முழுக்க நீர் முத்துக்கள். அறை ஜன்னலைத் திறந்தேன். பெட்டி காயட்டும் என்று மூடியையும் தூக்கி வைத்தேன். பத்து நிமிடத்தில் மூடலாம் என்றுதான் நினைத்தேன். பஸ்சுக்கு நேரமாகிவிட, முதியோர் இல்லத்து வேலைக்கு அப்படியே ஓடிவிட்டேன்.

மாலையில் வந்து பார்த்தபோது ஊசி முப்பதில் நின்றது. குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. எல்லாவற்றையும் மூடி, ஊசி எழுபதுக்கு ஏறும்வரை தண்ணீர் விசிறினேன். அது பாம்புக்காகச் செய்தது அல்ல, அவள் வந்து பார்ப்பாள் என்பதற்காகச் செய்தது. அவளும் வந்து பார்த்துவிட்டு நன்றி சொன்னாள்.

தோல் முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழிந்தது. பிறகு மூச்சு இரைந்தது. குளிர் பட்டிருக்கிறது என்றார் மிருக வைத்தியர். மூன்றாம் கிழமை செத்துப்போனது. பெட்டிக்கு அடியில் சூடு கொடுக்கும் மின்பாயைத் தான் சரியாக வைக்கவில்லை என்று மச்சாள் அழுதாள். நானும் சேர்ந்து அந்தப் பாயைக் குறை சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

அவள் பிறகு எந்த உயிரையும் வளர்க்கவில்லை. இப்போது ஜெனீவாவில் இருக்கிறாள், நிறைமாதம். போன கிழமை போன் எடுத்து, பிள்ளை பிறந்ததும் நான் வந்து கூட இருக்க வேண்டும் என்று கேட்டாள். “எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணி. ஒரு பாம்புக் குட்டியைக் கூட ஒழுங்காப் பாக்கத் தெரியாதவள் நான்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அண்டைக்கு ஜன்னலைத் திறந்தது நான்தான்” என்றேன். மூடி, தண்ணீர், எல்லாம் சொன்னேன்.



“ஏழு வருசமாச் சொல்லேல்லையோ, அண்ணி?” என்றாள். பாம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.