அன்னத்தின் கழுத்தைத் தின்ற ஜன்னல்

"கம்ப்யூட்டர்ல எதைத் தொட்டாலும் ரெண்டு தட்டு தட்டுங்க" என்று நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குப் போதித்த மகான் நான்தான். ஐகானுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். மெனு, பொத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவ்வளவுதான் தெரியும் என்பதும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டு வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்கு, புடவை பார்டர் வரைவதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதுவரை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால் பார்டரில் அன்னம் விழும். நான் கட்டங்களைத் திரைக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவே.

திரையில் வரைந்தவர், முன்பு தறியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. மற்றவர்களுக்கு இரட்டைத் தட்டு கைவர ஒரு வாரம் பிடித்தது. அக்காவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. தறியில் குறுக்கே ஊடை நூல் ஓடியதும், அதை நெருக்கும் பலகையை ரெண்டு தட்டு தட்டியே பழகிய கை. என் பாடத்துக்கென்றே பிறந்தவர் என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அன்னத்துக்குக் கழுத்து போச்சுப்பா."

ரெண்டு நாள் உட்கார்ந்து திருத்திய கழுத்து. காலையில் திறந்தால் பழைய கோணல் கழுத்தே நிற்கிறது. கல்யாணப் புடவை, தறி காத்திருக்கிறது. அக்கா சேமிக்காமல் எழுந்து போய்விட்டதாக முதலாளி கத்தியிருக்கிறார். இன்னொரு முறை கழுத்து காணாமல் போனால் பழைய கிராஃப்காரரையே கூப்பிட்டுக்கொள்வாராம், அக்கா வீட்டுக்குப் போகலாமாம்.

நானும் போய், "மறந்திருப்பீங்கக்கா" என்றேன்.

"மறந்துட்டு உன்னைக் கூப்பிடுவேனா? உக்காந்து பாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கழுத்தை மறுபடி வரைந்தார், சேமித்தார், திரையில் படம் இருந்த ஜன்னலை மூடினார். ஜன்னல் மூடவில்லை. அங்கேயே நின்றது.

"பழைய படத்தைத் திறந்தா எப்பவும் இப்டித்தான், திருத்தினது இதுதான் முதல் தடவை. திரும்ப மூடினா, சேமிக்கவான்னு கேக்கும். சரின்னு அழுத்துவேன். எது கேட்டாலும் சரின்னு அழுத்தச் சொன்னது நீதான?"

நான்தான். ஆனால் மூடிய ஜன்னல் எப்படி மூடாமல் நிற்கும்? எனக்குள் எறும்பு ஊற ஆரம்பித்தது. அவரை எல்லாவற்றையும் மூடச் சொல்லி, மறுபடி மெனுவைத் தட்டச் சொன்னேன். தட்டினார், தறிக்காரக் கையால், ரெண்டு தட்டு. வந்த ஜன்னலைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அடியில் அதே அளவில் இன்னொரு ஜன்னல், ஒட்டிப்போட்டது மாதிரி. ஒரு தட்டுக்கு ஒன்று. மேலே இருப்பதில் புதுக் கழுத்து வரைகிறார், அடியில் பழைய கழுத்து காத்திருக்கிறது. எந்த ஜன்னலும் முதலில் படத்தின் மூலையைத்தான் காட்டும், கழுத்து திரைக்கு வெளியே இருப்பதால் அடியில் நிற்பது பழசென்று தெரியாது. அதை மூடும்போதும் சரி என்று அழுத்தினால், கடைசியாகச் சேமித்த பழசு, புதுசை விழுங்கிவிடுகிறது.

இழுத்துப் பார்க்கும் ஆசையில் எட்டு தட்டு தட்டினேன். எட்டு ஜன்னல். பன்னிரண்டு பார்க்கலாம் என்று கையைத் தூக்கியபோது அக்கா மௌஸைப் பிடுங்கிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வைத்தியம் செய்தேன். இரண்டாவது தட்டுக்கு ஜன்னல் வராது, 'ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று ஒரு வரி வரும். மறுநாள் அக்கா ஜன்னலைக் கீழே சுருக்கி வைத்துவிட்டு மெனுவைத் தட்டினார். அந்த வரி வந்தது.

"திறந்திருக்குதுன்னா, எங்கப்பா இருக்குது? ஆள் உள்ளதான் இருக்காருன்னு சொல்லிட்டு, கூப்பிடாம வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்குது."

நியாயம். அந்த வரியை எடுத்தேன். ஜன்னல் ஏற்கெனவே இருந்தால் அதையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்படி மாற்றினேன். அக்கா ரெண்டு தட்டு தட்டினார். ஒரே அன்னம், நேரான கழுத்தோடு வந்து நின்றது. இழுத்துப் பார்த்தேன். அடியில் யாருமில்லை.

"அக்கா, இனிமே நீங்க நூறு தட்டு தட்டினாலும் ஒண்ணுதான் வரும். எப்டி நம்ம மூளை?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய் முதலாளிகிட்ட சொல்லு, தப்பு யாருதுன்னு."