நிலைவாசல்மேல் ஒரு பெருக்கல் குறி

“எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு” என்று ஒருவர் படத்தை நீட்டினால், அவர் நம்மிடம் எதைக் கேட்கிறார்? சங்கரன்கோவிலில் பிறந்து, படித்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள் நான். இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில். கட்டப்போகிற கட்டடம் முடிந்ததும் எப்படி நிற்கும் என்று வண்ணத்தில் வரைந்து காட்ட வேண்டும். பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். சனிக்கிழமை காலையில் எல்லாருடைய படங்களையும் சுவரில் குத்திவைத்து, ஆளுக்கொரு சிவப்புப் பென்சிலால் தப்பான இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் குறை சொல்வார்கள். வானம் அழுக்கு, மரம் பொம்மை, மனிதர்கள் வாசலைவிட உயரம். பிறகு சொன்னவரும் சொல்லப்பட்டவரும் ஒன்றாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். இது எனக்கு இன்றும் அதிசயம்தான். சேர்ந்த புதிதில் என் படத்தின் முன்னால் நின்ற முதலாளியம்மா மிஸஸ் டான், “யுவர் பில்டிங் இஸ் ஃப்ளோட்டிங்” என்றார். எனக்கு எங்கள் ஊர்த் தெப்பக்குளமான ஆவுடைப்பொய்கையில் மிதக்கும் தெப்பம் கண்முன் வந்தது. விளக்கும் பூவுமாக மிதக்கிறது என்கிறாரே என்று உருகிப்போய், “தேங்க் யூ, மேடம்” என்றேன். அறையே சிரித்தது. அடியில் நிழல் போடாததால் என் கட்டடம் அந்தரத்தில் தொங்குகிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். கழிவறையில் போய் அழுதேன். திரும்பி வந்தால் மேசையில் எனக்கும் ஒரு தட்டு நூடுல்ஸ் இருந்தது. போகப்போக நானும் பென்சில் எடுத்தேன். குறை சொல்வதும் ஒரு அக்கறைதான் என்று பழகிக்கொண்டேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பென்சிலும் கைப்பையில் வந்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் வீடு கட்டப்போவதாக என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பூஜை அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். என்ஜினியர் வரைந்து கொடுத்த பெர்ஸ்பெக்டிவ். நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

“பாத்துச் சொல்லும்மா. நீதான அங்கன இந்த வேலைய பாக்கே. எந்தக் குறைன்னாலும் கூசாமச் சொல்லு” என்றார் அத்தான்.

பார்த்ததும் என் கண் படிக்குத்தான் போனது. வாசலை ஒட்டி மாடிக்கு ஏறும் படிக்குப் பக்கச்சுவரும் இல்லை, கைப்பிடியும் இல்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால், எங்கள் ஒரே மகள், நடை பழகத் தொடங்கியிருந்தவள், அந்த வீட்டில்தான் என் மாமியாரிடம் வளரவேண்டும் என்று முடிவாகியிருந்தது. “இங்கன பிடிமானம் இல்ல அத்தான், பிள்ளை விழுந்துரும்” என்று சொல்லிக்கொண்டே, சனிக்கிழமைப் பழக்கத்தில் படிமேல் பெருக்கல் குறி போட்டேன். அதன் ஒரு கால் நிலைவாசல்மேல் விழுந்தது.

“ஏட்டி! என்ன காரியம் பண்ணிட்ட!” என்று மாமியார் நெஞ்சில் கைவைத்தார். “வாச்சக்கால் நடுமுன்ன நிலைவாசலையே அடிச்சிட்டியே! விழுந்துரும்னு வேற சொல்லுத. பெத்தவ வாயில வார பேச்சா இது?”

“சிங்கப்பூர்ல வாசலுக்குப் பொட்டு இப்படித்தான் வைப்பாவ போல” என்றாள் அத்தானின் மனைவி.

அத்தான் படத்தை வாங்கித் துண்டால் துடைத்தார். சிவப்பு இன்னும் பரவியது. நான் பார்த்தது காகிதம். அவர்களுக்கு அது ஏற்கனவே வீடு. “நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, பொறவு என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?” என்றார் என் கணவர். அவர் சொல்வது சரிதானோ? ஆனால், கூசாமச் சொல்லு என்றாரே?

இப்போது வீடு முடிந்துவிட்டது. பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோ வந்திருக்கிறது. படி, படத்தில் இருந்தபடியே மொட்டையாக ஏறுகிறது. “அவ கோடு போட்டதுக்காவ மாத்தணுமா?” என்று அத்தான் கொத்தனாரிடம் சொன்னாராம். சித்திரையில் மகளை அனுப்ப வேண்டும்.

எங்கள் அடுக்குமாடிப் படியில் அவள் தினமும் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறாள். பின்னால் நிற்கும் நான் அத்தானிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இங்கிலீஷில் ஒரே வரியில் வந்துவிடுகிறது. அதை வைத்து நான் என்ன செய்ய? என் பேச்சில் சொல்லத் தொடங்கினால் முதல் வார்த்தையே சாபமாகிவிடுகிறது.

வாசிக்கிறவர்கள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். புது வீட்டைக் குறை சொல்லாமல், விழும் என்ற சொல்லை வாயில் எடுக்காமல், அந்தப் படிக்கு ஒரு கைப்பிடியை எப்படிக் கேட்பது?