அந்தோனியாருக்கு ஒன்று

மிலான் நகரில் நான் படி துடைக்கும் ஐந்து மாடிக் கட்டிடத்தில், நான்கு வீட்டுக் கதவுகளில் பெயருக்கு முன்னால் 'இங்' என்று பித்தளையில் பொறித்திருக்கிறது. மூன்று மாதமாய் அதைக் குடும்பப் பெயர் என்றே நினைத்திருந்தேன். சகோதரர் நாலு பேர் ஒரே கட்டிடத்தில் வீடு வாங்கியும், படியில் சந்தித்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்களே, காணிச் சண்டையாக்கும் என்று இரக்கப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது 'இஞ்சென்யேரே' என்பதன் சுருக்கம். பொறியியலாளர்களை இங்கே பாண் கடைக்காரர் முதல் பாதர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கற்பிட்டிப் பக்கம் எங்கள் ஊரான கண்டக்குழியில் என் அப்பாவுக்கும் இதே கதிதான். சந்தியாப்பிள்ளை என்ற அவர் பெயர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தோடு சரி. ஊருக்கு அவர் 'இஞ்சினியர்'.

புத்தளத்து உப்பளத்தில் மோட்டர் பார்த்தார். வளைகுடா நாட்டில் பாலைவனத்துக்குள் தண்ணீர்க் குழாய் போட்டார். யுத்தம் முடிந்ததும், பென்சன் எடுத்த வயதில், மன்னார்ப் பக்கம் உடைந்த மதகுகளைக் கட்டப் போனார். திரும்பி வந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரரின் விடுதிகளுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டினார். எங்கே எதைக் கட்டினாலும் கணக்கை முடித்துவிட்டு ஒன்றைக் கூட்டுவார். நாலு கம்பி போதுமென்றால் ஐந்து, ஆறு ஆணி போதுமென்றால் ஏழு. கேட்டால், "அது அந்தோனியாருக்கு ஒண்டு" என்பார். ஒருமுறை பெரிய வெள்ளி நாடகத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தார். நாடகம் முடிந்து கிறிஸ்மஸ் வந்தும் அதைக் கழற்ற ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் அதன் மேலேயே பாலன் குடிலை வைத்தார்கள். மிஞ்சிய ஆணி, திருகுகளை வீட்டில் அந்தோனியார் சுருவத்தின் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். "அந்தோனியார் இரும்புக் கடை முதலாளி மாதிரி நிக்கிறார்" என்று அம்மா சண்டை பிடிப்பாள். "தொலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தானே, அவரிட்டயே இருக்கட்டும்" என்பார் அப்பா.

அம்மா இறந்தபோது, தனக்கும் இடம் விட்டுக் கல்லறையை அவரே கட்டினார். விளிம்போடு விளிம்பாய்ப் பொருந்தும் கொங்கிரீட் மூடி. நெம்ப அலவாங்கு நுழைய ஒரு மயிரிழை இடமில்லை. நடுவில் திருகு ஏறப் புரி வெட்டிய ஓர் ஓட்டை மட்டும். நான் இத்தாலிக்குப் புறப்பட்ட அன்று, கட்டைவிரல் பருமனான ஒரு திருகை என் கருவாட்டுப் பொதிக்குள் வைத்துக் கட்டினார். அதன் தலையில் ஒரு வளையம்.

"மூடியத் தூக்கிற வளையம். இதைப் பூட்டினாத்தான் திறக்கும். நீ வந்துதான் பூட்டோணும். விளங்கிச்சா?"

"வேற திருகு பொருந்தாதா அப்பா?"

"எல்லாற்ற திருகுக்கும் திறந்தா அது கல்லறை இல்ல, அலுமாரி."

இங்கே விமான நிலையத்தில் பொதியைப் பிரித்தவர்கள் கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விட்டுவிட்டார்கள். அதை இந்தக் கட்டிடத்தின் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

அப்பா கண்ணை மூடியபோது என் விசா முடிந்திருந்தது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. போனால் திரும்ப வழியில்லை. இந்த நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். வளையத்தைப் பற்றி ஊரில் இருக்கும் அக்காவிடம் வாய் திறக்கவே வெட்கமாயிருந்தது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அடக்கத்தன்று இங்கே பகல் பதினொன்றரை. படிக்கட்டில் இருந்து போனில் பார்க்கிறேன். ஊர்ச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, அப்பா பெட்டியில் காத்திருக்கிறார், கரைவலை இழுக்கிற பன்னிரண்டு பேர் மூடியைச் சுற்றி நிற்கிறார்கள், மூடி அசையவில்லை. பாதர் செபத்தை இரண்டாம் தரமும் முடித்துவிட்டார். உடைக்கலாம் என்று ஒருவர் சுத்தியல் எடுத்தார். அது அப்பாவின் கொங்கிரீட் என்று இன்னொருவர் சொன்னதும் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

போனை வாங்கியது, அந்நேரம்தான் வந்து சேர்ந்த ஜபருல்லா நானா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, கற்பிட்டியில் படகு இஞ்சின் திருத்துகிறவர். அப்பாவோடு ஒரு நாளைக்கு மூன்று தரம் பிளேன் டீ குடித்தவர்.

"அழாதீங்க தம்பி. அந்தப் புரி எண்ட பட்டறையில வெட்டினது. இடப்பக்கம் திருகிற புரி, வேற ஒண்டும் ஏறாது. ஆனா நான் வெட்டின வளையம் ரெண்டு. ஒண்டு மகனுக்கெண்டார். மத்தது ஆருக்கெண்டு கேட்டேன், சிரிச்சார்."

எனக்குப் பளிச்சென்றது. "அக்கா, வீட்டுக்கு ஓடு! அந்தோனியாருக்குக் கீழ பார்!"

ஆணிப் பெட்டியின் அடியில் கிறீஸ் பூசிய மற்ற வளையம் இருந்தது. சுற்றியிருந்த தாளில், வரைபடத்துக்கு எழுதும் அதே கட்டை எழுத்தில், அப்பா எழுதியிருந்ததை அக்கா வாசித்தாள்: 'மகன் வர முடியாவிட்டால்.' வராவிட்டால் என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை எனக்காகக் கூட்டி வைத்திருந்தார். எத்தனையோ பேர் என்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் இப்படி என்னை அழவைத்ததில்லை.

ஜபருல்லா நானா இடப்பக்கம் திருக, சங்கிலி போட்டு மூடியைத் தூக்கினார்கள். இங்கே மூன்றாம் மாடி இஞ்சென்யேரேயின் மனைவி என் அழுகையைக் கேட்டு இறங்கி வந்தாள். "தொம்பா, பாப்பா" என்றேன், அப்பாவின் கல்லறை என்று சொல்ல. அவள் காதில் அது 'பொம்பா' என்று, வெடிகுண்டாக விழுந்தது. கதவடியில் இருந்து எடுத்த இரும்போடு நான் நிற்கிறேன். அவள் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். கீழே வந்த கணவர் வளையத்தை வாங்கி, நகத்தால் புரியைத் தடவி, "சினிஸ்த்ரா!" என்றார். இடப்பக்கம். பிறகு போனில் தெரிந்த அப்பாவின் சவப்பெட்டியைக் காட்டி, "இஞ்சென்யேரே?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

அந்த நேரம் அக்கா போனைக் கல்லறைக்குள் காட்டினாள். உள்ளே மூன்று தட்டு. கீழே அம்மா, நடுத்தட்டு அப்பாவுக்கு, மேலே ஒன்று காலி. "இது ஆருக்குப் பிள்ளை?" என்று பாதர் கேட்க, "அந்தோனியாருக்கு ஒண்டு" என்று அக்கா சொன்னாள். அழுதுகொண்டு நின்ற சனமெல்லாம் சிரித்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அந்தத் தட்டு என் அளவுக்குக் கட்டியது போலிருந்தது.

இப்போது பெர்மெஸ்ஸோ வந்துவிட்டது. "வரேக்க அந்த வளையத்தையும் கொண்டு வா" என்கிறாள் அக்கா. கதவுக்கு வேறு முட்டு இல்லை என்று சாட்டுச் சொல்கிறேன். அங்கே மேல்தட்டு காலியாகக் கிடக்கிறது. இங்கே வளையம் அடுத்தவர் வீட்டு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.