மாப்பிள்ளை செட்டிங் அழிந்த நாள்

பிரிண்டர் தலை இடமும் வலமுமாக ஓடும் சத்தம் எங்கே கேட்டாலும், பிரேசர் டவுன் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்திய அந்த அக்கா கண்முன் வந்துவிடுகிறார். மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடி, இடுப்பில் இழுத்துச் செருகிய துப்பட்டா. திரையில் இருக்கும் முகங்களோடு பேசுவார். "கொஞ்சம் சிரிச்சா என்னம்மா?" என்று, என்றோ எடுத்து முடித்த படத்தை அதட்டுவார்.

நான் போனது பெண் வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக. அன்று மாலைக் கூரியரில் போயாக வேண்டும். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காலையில் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் போட்டிருக்கிறார். அது கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே 'எஸ்' அமுக்கியிருக்கிறார். படம் திருத்த வைத்திருந்த பழைய பிளகினும், அதில் வருஷக்கணக்காகச் சேமித்த செட்டிங்குகளும் காலி.

"மணப்பொண்ணு போச்சு, பாஸ்போர்ட் போச்சு, மாப்பிள்ளையும் போயிட்டான் தம்பி."

"மாப்பிள்ளைன்னா?"

"ஒரே அமுக்குதான். உன்ன மாதிரி கறுப்பு ஆளெல்லாம் கோதுமை கலர் ஆயிடுவாங்க. தழும்பு கிழும்பு ஒண்ணும் இருக்காது."

அந்த வெளுப்பை நம்பித்தானே வந்திருந்தேன்! "இப்ப என்னக்கா பண்றது?"

"கண்ணு இருக்குல்ல?" என்னைப் பார்த்தார், திரையில் அப்போதுதான் எடுத்த என் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. ஒரு மணி நேரம் இப்படியே. கன்னத்து நிழலை மட்டும் கொஞ்சம் இளக்கினார். தாடைத் தழும்பை நெருங்கிய அம்புக்குறி நின்றது, பிறகு விலகியது. "இது இருக்கட்டுமே, நல்லாத்தான் இருக்கு" என்றார். சொன்னது என்னிடமா, திரையிடமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தாளில் ஈரத்தோடு வெளியே வந்தவன் நானேதான். கறுப்பாக, தழும்போடு, எதற்கோ சந்தோஷமாக.

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றேன்.

"இதப் பார்த்து சரின்னு சொன்னா, நேர்ல உன்னப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டாங்க. ஓடு தம்பி, கூரியர்க்காரன் ஷட்டர இறக்கிடப் போறான்."