இன்னும் சின்னதாக்கணுமாம் அத்தா

"தலைப்பு: உப்பு. ரொம்பப் பெரியது என்று மிஸ் திருப்பிவிட்டார்களாம். செப்டம்பர், கடைசித் திங்கள், மாலை."

என் குறிப்பேட்டில் அந்த விஷயம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் அது. மரக்காணத்தில் நான் மட்டும் இருந்தேன். அந்த மே மாதம் என் மனைவி இறந்துபோனாள். மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்து, பணமும் கட்டியாகியிருந்தது. எது நடந்தாலும் பள்ளியை மாற்றக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்ததால் அனுப்பிவைத்தேன்.

வளைகுடாவில் பல வருடம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவன் நான். எந்தப் புயல் என்றைக்குக் கரை கடந்தது, எந்தச் சாலையை எப்போது அகலப்படுத்தினார்கள் என்று தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம். முன்பு மனைவியிடம் அதையெல்லாம் படித்துக் காட்டுவேன். அவள் போன பிறகு எழுதுவதோடு சரி.

விடுதியில் கைப்பேசி வார்டனிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேசலாம். மற்ற நாட்களில், படிப்பு விஷயம் என்று ஆசிரியை கையெழுத்துப் போட்டால் மாலையில் கொஞ்ச நேரம் தருவார்கள். ஞாயிறு பேச்சு எங்களுக்குச் சரியாக வரவில்லை.

"சாப்ட்டீங்களா அத்தா?"

"சாப்ட்டேன்மா. நீ?"

"ம்."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமிருக்காது. பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை இருவருமே தொடமாட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை அவளாகக் கூப்பிட்டாள். "ரிசர்ச் பேப்பர் எழுதணும் அத்தா. உப்புன்னு எழுதிக் குடுத்தேன். 'கடலையே தூக்கிட்டு வந்திருக்கியே'ன்னு மிஸ் திருப்பிட்டாங்க."

விடுவேனா? உப்பு வரி, உப்பு ஏற்றிப் போன படகுகள், உப்பளத்தில் புகுந்த வெள்ளம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவளே நிறுத்தினாள். "அத்தா, இது புக்கு. எனக்குப் பேப்பர் போதும்."

மறுநாள் 'மரக்காணம் உப்பு' ஆயிற்று. அப்புறம் 'மழைக்கால உப்பளம்'. அப்புறம் உப்புக் குவியல்களை மழைக்கு முன் ஓலை போட்டு மூடுவது. ஒவ்வொரு மாலையும், "இன்னும் சின்னதாக்கணுமாம் அத்தா" என்பாள். கூடவே ஒரு வேலையும் வைப்பாள். ஓலையை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குகிறார்கள்? காற்றில் பறக்காமல் எதை வைத்து அழுத்துகிறார்கள்? "போட்டோ வேணாம். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனேன். பல வாரங்களாகக் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் தவிர எங்கும் போகாதவன், தினமும் உப்பளத்து வரப்பில் நடந்தேன். அங்கே ஓலை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"என்னா பாய், தெனமும் வர்றீங்க? உப்பளத்த வாங்கப் போறீங்களா?"

"எம்பொண்ணு கட்டுரை எழுதுதும்மா. அதுக்குத்தான்."

"படிக்கிறது அதுவா, நீங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தத் தேதியை மட்டும் எழுதிவைக்கவில்லை.

நவம்பரில் பாத்திகளெல்லாம் தண்ணீருக்குள் போயின. மூடிய குவியல்கள் மட்டும் ஆளில்லாத குடிசைகள் மாதிரி நின்றன. பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீடும் அப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு மாலையில் மகள் கேட்டாள். "அத்தா, அம்மா ஊறுகாய்க்கு எந்த உப்பு வாங்குவாங்க?"

"கல்லுப்புதாம்மா. ஓலை போடறதுக்கு முன்னாடியே போய் வாங்கி வச்சிடுவா" என்றேன்.

"ம்" என்றாள். அன்றைய குறிப்பில், "இந்தக் கேள்வி தலைப்புக்குள் வராது" என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் கட்டுரை வாசிக்கும் நாளுக்குப் பெற்றோரை அழைத்தார்கள். காலை பஸ்ஸில் போனேன். ஓலை போட்டு மூடும் முறையைப் பற்றி மகள் அழகாக வாசித்தாள். ஊறுகாய் அதில் இல்லை. முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்தார்.

"கிளாஸ்லயே முதல்ல தலைப்பு முடிவு பண்ணது உங்க பொண்ணுதான் சார். ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடியே குடுத்துட்டா. ஒரே ஒரு தடவைதான் திருப்பினேன்."

"அதுக்கப்புறமும் தினமும் போன் பண்ணுச்சேம்மா?"

"அத்தாகிட்ட இன்னும் கொஞ்சம் கேக்கணும் மிஸ்னு வந்து நிப்பா. நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். பேசிட்டு வந்தாத்தான் சாப்பிடவே போவா."

மகளிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் விடைபெற்றேன். திரும்பும் பஸ்ஸில் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த லீவுக்குப் பிறகுதான் தலைப்பு அதிகமாகச் "சின்னதாகி" இருந்தது. தாயில்லாத பிள்ளை, என்னை வீட்டைவிட்டு வெளியே நடக்க வைத்திருக்கிறாளே என்று கல்பாக்கம் தாண்டும்வரை நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஆசிரியை கடைசியாகச் சொன்னது உறைத்தது. சாப்பிட்டாயா என்று நான் கேட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவள் "ம்" என்று மட்டும்தானே சொன்னாள்? தனியாக இருப்பது நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கைப்பேசி அவள் கையிலேயே இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறாள், சீக்கிரம் வைத்துவிடுகிறாள். மழைக்கு முன் குவியல்களை மூடிவிட்டார்களா என்று நான் மட்டும் இன்னமும் போய்ப் பார்க்கிறேன். "கட்டுரை இன்னும் முடியலயா பாய்?" என்று ஓலை அடுக்கும் அந்தப் பெண் கேட்பாள். "முடியலம்மா" என்பேன்.

எதையும் இரண்டு இடத்திலாவது விசாரித்துவிட்டு எழுதுகிற நான், இதை மட்டும் மகளிடம் கேட்கவே இல்லை. அந்த மாலைகளில் அவள் எனக்காகப் பேசினாளா, தனக்காகப் பேசினாளா என்பது என் குறிப்பேட்டில் இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவலாகவே இருக்கிறது.